கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட்: பின்னால் உட்காருபவரைக் கேட்டு வாங்குங்கள்

க்ரூஸர் பைக் வாங்கிய கொஞ்ச நாளிலேயே பின்சீட்டிலிருந்து புகார் வரும். ஓட்டுபவருக்கு அகலமான சீட்டு, கால் நீட்டிக்கொள்ள முன்னால் ஃபுட்பெக், தோள் தளர்ந்த ஹேண்டில்பார் என எல்லா வசதியும் உண்டு. பின்னால் இருப்பவருக்குக் கிடைப்பது மட்கார்டு மேல் ஒட்டினாற்போல ஒரு சின்ன மெத்தை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் அவர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார். பேக்ரெஸ்ட் போடலாம் என்று முடிவெடுப்பது அப்போதுதான்.

அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்று முதல்முறை வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். நம் சாலைகளில் அதிகம் தென்படும் ராயல் என்ஃபீல்ட் மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650, பஜாஜ் அவெஞ்சர் ஆகியவைதான் மனதில் இருக்கின்றன. மற்ற க்ரூஸர்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

இன்னும் பைக்கே வாங்கவில்லை என்றால் வேலை சுலபம். மீட்டியார் 350, 2020 நவம்பரில் வந்தபோது ஃபயர்பால், ஸ்டெல்லார், சூப்பர்நோவா என்று மூன்று வகை. ஃபயர்பாலில் பேக்ரெஸ்ட் கிடையாது, மற்ற இரண்டிலும் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. சூப்பர் மீட்டியாரில் செலஸ்டியல் வகையில் வருகிறது. அவெஞ்சர் 220-இல் க்ரூஸுக்கு உண்டு, ஸ்ட்ரீட்டுக்கு இல்லை. கீழ் வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், மேல் வகையின் பேக்ரெஸ்ட் தங்கள் வண்டிக்கும் பொருந்துமா என்று முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பொருந்தும் என்றால் அதுதான் நல்ல வழி. துளையும் வளைவும் அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டிருக்கும்.

முதல் படி: யார் உட்காரப் போகிறார், எப்படி உட்காருவார்?

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டி எப்படித் தெரியும் என்று பார்த்துதான் வாங்குகிறார்கள். பளபளவென்று குரோம், தோள் உயரத்துக்குக் கம்பி, நடுவில் நட்சத்திரம். ஓட்டுகிறவருக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கிற பொருள். ஒருநாளும் அதில் சாயப்போவதில்லை. சாயப்போகிறவர் வீட்டில் இருக்கிறார். அவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

அவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருபவரா, புடவையில் ஒருபக்கமாக உட்காருபவரா? இதை எந்த விளம்பரமும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். ஒருபக்கமாக உட்காருபவரின் முதுகு சாலையின் வலப்பக்கம் பார்த்திருக்கும். பேக்ரெஸ்ட் அவருடைய முதுகுக்கு வராது, இடது விலாவுக்கும் மேல்கைக்கும்தான் வரும். அகலமான திண்டு வாங்கினால் அதன் ஓரம் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். இப்படி உட்காருபவருக்குக் குறுகலான திண்டும், இடது கையால் இறுகப் பிடிக்கத் தோதாக இரு பக்கமும் நிமிர்ந்த கம்பியும் உள்ள மாடல்தான் உதவும். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், எப்போதும் ஒருபக்கமாகவே உட்காருபவர் என்றால் பேக்ரெஸ்டுக்குப் போடுகிற பணத்தில் நல்ல கைப்பிடியும், சாரி கார்டோடு சேர்ந்து வரும் அகலமான லேடீஸ் ஃபுட்ரெஸ்டும் போடுங்கள். அவருக்கு அதுதான் நிம்மதி.

இரண்டு பக்கமும் கால் போடுபவர் என்றால் ஏறி இறங்குவதைப் பாருங்கள். நீங்கள் முதலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் உங்கள் இடது தோளைப் பிடித்து, இடது காலை ஃபுட்பெக்கில் வைத்து எழும்பி, வலது காலை உங்கள் முதுகுக்கும் பேக்ரெஸ்டுக்கும் நடுவில் மடக்கிக் கொண்டுபோக வேண்டும். பேக்ரெஸ்ட் இல்லாதபோது காலை நீட்டிப் பின்பக்கமாகச் சுழற்றினால் போதும். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவுக்கு இது பெரிய சிரமம். கழற்றி மாட்டும் வசதி இங்கே உதவாது; ஏனென்றால் அவர் ஏறும்போதுதான் அது மாட்டியிருக்க வேண்டும். அவர்களுக்கு உயரம் குறைந்த, கொஞ்சம் பின்தள்ளிய மாடலாகப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பேக்ரெஸ்டை நம்பாதீர்கள். பெரியவர்களின் இடுப்புக்கு வைத்த திண்டு சின்னப் பிள்ளைக்குக் கழுத்துக்கு வரும், ஹெல்மெட்டை முன்னால் தள்ளும். 4 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தைக்கு ஹெல்மெட், மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகாத வேகம் ஆகிய மூன்றும் 2023 பிப்ரவரி 15 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கட்டாயம். பேக்ரெஸ்ட் அந்த வாருக்கு மாற்று ஆகாது.

இரண்டாம் படி: அளவு

டேப்பும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இன்னொருவர் பிடிக்கட்டும். நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற மாதிரி முன்சீட்டில் உட்காருங்கள். ஜாக்கெட் போட்டு ஓட்டுபவர் ஜாக்கெட்டோடு. பின்னால் அவர் உட்காரட்டும். இப்போது அவருடைய முதுகு எங்கே முடிகிறதோ, அதற்கு நேராகச் சீட்டின் மேல் டேப் துண்டு ஒன்று ஒட்டுங்கள். திண்டின் முன்முகம் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு விரல் பின்னால் இருக்க வேண்டும். நேராக உட்கார்ந்தால் படாமல், லேசாகத் தளர்ந்தால் படுவதுதான் சரியான இடம். கோட்டுக்கு முன்னால் வந்தால் அவர் உங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு உட்கார நேரும்; நீங்கள் டாங்க்கை நோக்கித் தள்ளப்படுவீர்கள். ஒரு சாண் பின்னால் போனால் சாயவே முடியாது, சும்மா அலங்காரம்.

உயரத்துக்கு அவருடைய முதுகைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கும் அல்லவா, திண்டின் நடுப்பகுதி அங்கே வர வேண்டும். திண்டின் மேல்விளிம்பு மட்டும் முதுகெலும்பில் அழுத்தினால் பத்து நிமிடத்தில் வலிக்க ஆரம்பிக்கும். உயரமான கம்பி பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பைத் தாங்கினால் போதும். தோள்பட்டை வரை போகிற கம்பி பெரும்பாலும் அழகுக்கும், பை கட்டுவதற்கும்தான்.

மூன்றாம் படி: ‘கழற்றலாம்’ என்றால் எவ்வளவு கழற்றலாம்?

கடைக்காரர் எல்லாவற்றையும் ‘ரிமூவபிள் சார்’ என்றுதான் சொல்வார். உண்மைதான், ஸ்பானர் இருந்தால் இன்ஜினையும் கழற்றலாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் கருவி வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்? கழற்றிய பிறகு வண்டியில் என்ன மிஞ்சும்?

நம் ஊரில் அதிகம் விற்பது போல்ட் வகை. பின்பக்கக் கைப்பிடிக் கம்பியிலோ அதன் துளைகளிலோ பேக்ரெஸ்டின் கால்களை வைத்து ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) முறுக்குவார்கள். கழற்ற ஆலன் கீ வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றுபவருக்கு இதுவே தாராளம். விலையும் குறைவு, ஆடவும் ஆடாது.

இரண்டாவது, திண்டையும் கம்பியையும் தாங்கும் தடிப்பான தண்டை ஒரு குழாய்க்குள் செருகி, பின்னோ திருகு குமிழோ போட்டுப் பூட்டுவது. கருவி வேண்டாம். ஆனால் குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சாலை முழுக்க லொடலொடவென்று சத்தம் வரும். கடையிலேயே கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, ஹார்லியில் பிரபலமான டாக்கிங் முறை. ஹார்லியின் சாஃப்டெயில் வண்டிகளுக்கு ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற பெயரில் வருவது இந்த வகைதான். மட்கார்டைத் தாங்கும் பக்கப்பட்டையில் சின்னச் சின்ன உருளைகளை நிரந்தரமாக முறுக்கிவிடுவார்கள். பேக்ரெஸ்டின் பக்கத்தகட்டில் அதற்கேற்ற வாய் வெட்டியிருக்கும். தகட்டை உருளைமேல் பதித்துக் கொக்கியைத் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பூட்டியதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும். அரைகுறையாகப் பிடித்த கொக்கி, மேலிருந்து பார்த்தால் பூட்டிய மாதிரியே தெரியும். இதில் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கம்பி தனி, திண்டு தனி, டாக்கிங் உருளைகள் தனி. மூன்றும் சேர்ந்தால்தான் பேக்ரெஸ்ட். இது ஹார்லிக்கு மட்டுமல்ல, மற்ற கம்பெனி ஆக்சஸரிகளிலும் திண்டும் அதைத் தாங்கும் கம்பியும் தனித்தனியாக வருவது சகஜம். விலையை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

கழற்றிய பிறகு மிஞ்சுவதைப் பற்றி முக்கியமான ஒன்று. சில மாடல்கள் கைப்பிடிக் கம்பிக்குப் பதிலாகவே பொருத்தப்படுகின்றன. பேக்ரெஸ்டைக் கழற்றினால் கைப்பிடியும் போய்விடும். வண்டி, பின்பக்கம் வெட்டிக் குறைத்த ‘பாபர்’ ரக பைக் மாதிரி மொழுமொழுவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் ஆள் ஏறும் வண்டிக்கு நிரந்தரக் கைப்பிடி, கால்வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் துணிக்காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அந்தத் துணிக்காப்பைத்தான் சாரி கார்டு என்கிறோம். கைப்பிடியை விட்டுவைக்கும் மாடலையே வாங்குங்கள். பக்கத்தகடு சாரி கார்டின் போல்ட்டோடு மோதுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ‘சாரி கார்டைக் கழற்றிட்டா சரியா உக்காந்துடும்’ என்று மெக்கானிக் சொன்னால், அந்த பேக்ரெஸ்ட் உங்கள் வண்டிக்கானது அல்ல.

நான்காம் படி: பாரம் எங்கே போய்ச் சேர்கிறது?

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு. பின்னால் இருப்பவர் வண்டி சட்டென்று கிளம்பும்போது 30 கிலோ அளவுக்குத் திண்டைத் தள்ளுகிறார் என்று வையுங்கள். திண்டு, போல்ட் இருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு போல்ட், நடுவில் 10 செ.மீ. இடைவெளி. நெம்புகோல் கணக்குப்படி போல்ட் ஜோடியில் விழுவது 30 கிலோ அல்ல, 90 கிலோ. அதுவும் ஒருமுறை அல்ல. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு பள்ளத்திலும். இடைவெளி 5 செ.மீ. என்றால் 180 கிலோ. அதனால்தான் போல்ட்களுக்கு நடுவில் தூரம் அதிகமுள்ள, இரண்டு பக்கமும் பிடிக்கிற மாடல் நல்லது. நடுவில் ஒற்றைத் தகட்டில் நிற்கும் மாடல்கள் திண்டு மட்டும் பெரிதாக இருந்தால் சந்தேகத்துக்குரியவை.

இந்தப் பாரம் ஃப்ரேமுக்கோ, ஃப்ரேமோடு இணைந்த பட்டைக்கோ போக வேண்டும். மட்கார்டுத் தகட்டுக்குப் போகக்கூடாது. மெல்லிய மட்கார்டில் துளை போட்டு, பின்னால் வாஷர் வைத்து முறுக்குவதைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள். நாளடைவில் துளையைச் சுற்றிக் கீறல் விடும். பிளாஸ்டிக் மட்கார்டு என்றால் கேட்கவே வேண்டாம். புதிதாகத் துளை போட வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும் என்று சொல்கிற எந்தப் பேக்ரெஸ்டும் வேண்டாம். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்கு வராதது, அந்த வண்டிக்காகச் செய்ததல்ல.

ஐந்தாம் படி: திண்டும் இரும்பும்

ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் அடித்தகட்டில் போய் முட்டினால் மட்டமான ஃபோம். கெட்டியாக எதிர்த்து, விட்டவுடன் மெதுவாக எழும்புவதுதான் நீண்ட பயணத்துக்கு உதவும். பஞ்சு போல் மெத்தென்று இருப்பதைக் கடையில் பிடித்துப் பார்க்கும்போது சுகம், மகாபலிபுரம் தாண்டுவதற்குள் கம்பி தெரிய ஆரம்பிக்கும். தையல் மேற்புறத்தில் ஓடினால் மழைநீர் ஊசித்துளை வழியாக உள்ளே போகும். மழை நின்று மறுநாள் வெள்ளைச் சட்டையோடு சாய்ந்தவருக்குத்தான் அது தெரியும். பின்பக்கம் என்ன மூடியிருக்கிறது என்று பாருங்கள். தகடோ கெட்டியான பிளாஸ்டிக்கோ பரவாயில்லை, பிளைவுட் வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஒரு தனிப் பிரச்சினை. மலிவான குரோம் பூச்சு அங்கே சீக்கிரமே புள்ளி புள்ளியாகப் பொரியும். பவுடர் கோட்டிங் செய்த கறுப்பு, அல்லது 304 தர ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் நல்லது. ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். 304 குழாயில் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. ‘எஸ்.எஸ். சார்’ என்று தரும் குழாயில் பச்சென்று ஒட்டினால் அது வேறு ஏதோ.

புதுப்பேட்டையில் பழையது வாங்குபவர்கள் வெல்டிங் இருக்கும் மூலைகளைப் பாருங்கள். பெயின்ட் புதிதாகவும் போல்ட் துளை நீள்வட்டமாகவும் இருந்தால் அது ஒருமுறை விழுந்து எழுந்தது.

ஆறாம் படி: பொருத்துதல்

போல்ட் வகையை வீட்டிலேயே போடலாம். எட்டு மி.மீ. ஆலன் போல்ட்டுக்கு 6 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். பழைய போல்ட்களை ஒன்றொன்றாகக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். வாஷர், புஷ் இருந்த வரிசையைப் போனில் படம் எடுங்கள். புதிய கால்களை வைத்து எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசி துளை நேர் வராது, அதை நெம்பிப் பொருத்தினால் மரை போய்விடும். எல்லாம் ஏறிய பிறகு இடது, வலது என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்க அளவு கையேட்டில் சொன்னபடி. மரையில், போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீல நிறத்தில் ஒரு துளி போதும். சிவப்பு போட்டால் கழற்றி மாட்டும் பேக்ரெஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனியைக் கட்டாயம் பாருங்கள். வண்டி நிற்கும்போது டயருக்கும் அதற்கும் நிறைய இடைவெளி தெரியும். இரண்டு பேரோடு ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே ஏறும், அப்போது நீண்ட போல்ட் டயரைக் கிழிக்கும். கிட்டோடு வந்த போல்ட் நீளமாக இருந்தால் சரியான நீளத்துக்கு மாற்றுங்கள்.

டெயில் லாம்ப், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் மறையக்கூடாது. பேக்ரெஸ்டைக் கழற்றாமலே சீட்டைத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இரவில் நெடுஞ்சாலையில் ஃபியூஸ் போனால்தான் இதன் அருமை புரியும்.

ஏழாம் படி: ஆளோடு ஓட்டிப் பார்த்தல்

இரண்டு பேருக்கான காற்றை டயரில் பிடியுங்கள். அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள். மீட்டியார் 350-இல் 6 நிலைகள் உண்டு. பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. பின்பக்கம் தாழ்ந்தே கிடந்தால் பேக்ரெஸ்ட்டின் சாய்மானமும் மாறிவிடும், எவ்வளவு நல்லது வாங்கியும் முதுகு வலிக்கும்.

முதலில் ஊருக்குள் நாலு ஸ்பீட் பிரேக்கர். அப்புறம் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலை. பின்னால் இருப்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பேக்ரெஸ்ட் கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான் தாங்கும். பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால்தான் போகும், அதற்கு இது ஒன்றும் செய்யாது. ஒரு கை கைப்பிடியிலோ உங்கள் இடுப்பிலோ இருக்க வேண்டும். பேக்ரெஸ்ட் போட்டவுடன் இரண்டு கையாலும் போன் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் உண்டு, கண்டித்துவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரியான ஏற்றத்தில்தான் பேக்ரெஸ்டுக்கு உண்மையான வேலை. ஏறும்போது சட்டையைப் பிடித்து இழுப்பது நின்றிருந்தால் இடமும் உயரமும் சரி. இறங்கும்போது அவர் உங்கள்மேல் சரிந்தால் அது பேக்ரெஸ்டின் குறை அல்ல, உங்கள் பிரேக்கைக் கவனியுங்கள்.

பேக்ரெஸ்டின் பின்பக்கம் பை கட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும், திருப்பத்தில் ஹேண்டில் லேசாகும். பை இருந்தால் பக்கவாட்டில், தாழ்வாகக் கட்டுங்கள்.

முதல் 100 கி.மீ. முடிந்ததும் ஆலன் கீயோடு ஒருமுறை எல்லா போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். போல்ட் தலையையும் தகட்டையும் சேர்த்து வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை கண்ணாலேயே தெரியும். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. தலையைச் சுற்றிச் செம்பழுப்பாக மாவு போல் ஒரு வளையம் படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான்: உள்ளே தகடு நகர்ந்து உராய்கிறது. இறுக்கிய பிறகும் அந்த மாவு திரும்பத் திரும்ப வந்தால், போல்ட்டைக் குறை சொல்லாமல் துளையை அளந்து பாருங்கள்.

தனியாக ஓட்டும் நாட்களில் கழற்றி வைப்பதென்றால் காலியான துளைகளில் ரப்பர் மூடியோ குட்டை போல்ட்டோ போட்டுவிடுங்கள், தண்ணீர் இறங்கினால் மரை துருப்பிடிக்கும். கழற்றிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டுப் பேக்ரெஸ்ட் கம்பியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மேசை அறையில் போட்டால் மாட்ட வேண்டிய காலையில் ஒன்று குறையும்.